படிக்க மட்டும் அனுமதி

மகள் போகும் பள்ளி வேனுக்கென்று போனில் ஒரு பெற்றோர் குழு உண்டு. நான் ராவாங் நகரில் அலுவலக வேலை பார்ப்பவன் என்பதால் என்னைக் குழுவை நிர்வகிக்கும் எட்மின் ஆக்கியிருந்தார்கள். வேனின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கியூ ஆர் கட்டத்தைப் போனில் பிடித்தால் யாரும் குழுவில் சேரலாம். அதுவே தொல்லையானது. முகம் தெரியாதவர்கள் சேர்ந்து விளம்பரம் போட்டார்கள். ஒரு காலையில் ஒருவன் ஆபாசப் படம் போட்டான். நான் அதை நீக்குவதற்குள் மனைவியின் போனில் என் மகளே பார்த்துவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

அன்றே ஒரு தானியங்கிக் கருவியைக் குழுவில் இணைத்தேன். புதிதாக வருபவர்களுக்கு என்னென்ன அனுமதி என்று அது வரிசையாகக் கேட்டது. எழுதலாமா, படம் அனுப்பலாமா, குரல் பதிவு போடலாமா. எல்லாவற்றையும் அணைத்தேன். படிக்க மட்டும் அனுமதி. நான் பார்த்துத் திறந்துவிட்ட பிறகுதான் அவர்கள் பேச முடியும். ஒருவர் சேர்ந்தார் என்ற அறிவிப்பையும் நிறுத்தி வைத்தேன். குழு அமைதியானது. பலர் நன்றி சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மனைவி அழைத்தாள்.

"என்னங்க, வேன் இன்னும் வரல. அக்கா போன் அடிக்கவே மாட்டேங்குது."

வேன் ஓட்டுபவரை எல்லாரும் அக்கா என்றுதான் அழைப்போம். பள்ளி ஒன்றேகாலுக்கு விட்டுவிடும். குழுவைத் திறந்தேன். ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் இல்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். வழியில் ஓரமாக நிறுத்தி நானும் எழுதினேன்: "பொறுப்பில்லாத பொம்பள. இனிமே இவங்கள நம்பிப் பிள்ளைய அனுப்பக் கூடாது. வேற வேன் பார்ப்போம்." ஒருவர் பின் ஒருவராக ஆமோதித்தார்கள். ஒரு தாய் வேறு வேன்காரரின் எண்ணையே போட்டார்.

வழியில் ஈஜோக் ஊரைத் தாண்டும்போது மனைவி மறுபடி அழைத்தாள். வேன் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனபோது மகள் மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் நின்றுவிட்டதாம். அக்கா பதினொரு பிள்ளைகளையும் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டு வாசலில் உட்கார வைத்து, பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாராம்.

"ஏன்மா, அக்கா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அக்கா போன் நேத்து சிம்மோட வாய்க்கால்ல விழுந்திருச்சிப்பா. யார் நம்பரும் இல்ல. புது போன்ல வேன் ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணி குரூப்புக்குள்ள போனாங்க. எழுதத் தெரியலன்னு என்கிட்டதான் குடுத்தாங்க. எழுதுற எடத்துல பூட்டுதான்பா இருந்துச்சி."

நான் போனை எடுத்தேன்.

"நீங்க எல்லாரும் எழுதுனது மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சி. அக்காவுக்கு நான்தான் படிச்சிக் காட்டுனேன்." சற்று நிறுத்தி, "உங்களோடதையும்" என்றாள்.

போனில் உறுப்பினர் பட்டியலைத் தேடினேன். பெயரில்லாத புது எண் ஒன்று இருந்தது. சேர்ந்த நேரம் ஒன்று ஐம்பது. பக்கத்தில் 'படிக்க மட்டும்'. அதைத் திறந்துவிட்டேன்.

குழுவில் அதற்குள் மூன்று குடும்பங்கள் வேறு வேனுக்குப் பேசி முடித்திருந்தன. நான் எழுதியதை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. அதன் கீழேயே எழுதினேன்: வேன் பழுதான உடனே அக்கா சொல்ல முயன்றார், நான் வைத்த பூட்டு தடுத்தது, அவர்மேல் தவறில்லை. ஒரு தந்தை "பரவாயில்ல லா" என்றார். மற்றவர்கள் படித்தார்கள், எழுதவில்லை.

மறுநாள் காலை இரவல் வேனில் அக்கா வந்தார். நான் வாசலில் நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"உங்க ரோபோ என்னை உள்ள விட்டுச்சி, வாயத்தான் கட்டிப் போட்டுச்சி" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

"உங்களையும் எட்மின் ஆக்கிட்டேன்."

"அதுல யாரையும் பேசாம நிறுத்தலாமா தம்பி?"

"நிறுத்தலாம்."

"அப்ப மொதல்ல உங்கள நிறுத்துறேன்." கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். என் மகளோடு சேர்த்து வேனில் எட்டுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

அவர் என்னை நிறுத்தவில்லை. ஆனாலும் அன்று நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. ராவாங்கில் மேசைமேல் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒன்றேகாலுக்குக் காத்திருந்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு அந்தப் புது எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது, மகள்தான் தட்டியிருப்பாள்: "எட்டு பேரும் ஏறியாச்சி."

வேறு வேனுக்குப் போன மூன்று பிள்ளைகளும் இன்றுவரை திரும்பவில்லை. இப்போதும் ஒன்றேகாலானால் என் கை போனைத் தேடுகிறது.