டேங்க் நெறஞ்சிருக்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள். வரி கோணும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், பல விஷயம் மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியிருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரே மளிகைக்கடை எங்களுடையதுதான். தொண்ணூறு பிறந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும், என் வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சில்லறைச் சாமான் எடுத்துவர பஸ்ஸை நம்ப முடியவில்லை என்று வாங்கியது. அதில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. அடியில் ஒரு குழாய்த் திருகு உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி இருமினால் அதை ரிசர்வுக்குத் திருப்பவேண்டும். எங்கள் வண்டியில் அந்தத் திருகு ரிசர்விலேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதனால் வண்டி இருமாது, ஒரேயடியாக நின்றுவிடும். கருவேல மரம் தவிர நிழலில்லாத ரோட்டில் மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். டீக்கடையில் இருப்பவர்கள், "அண்ணாச்சி, வண்டிக்கு வாக்கிங்கா?" என்பார்கள்.

அவருடைய தம்பி, என் கொழுந்தனார், மதுரையில் ரேடியோ, டிவி ரிப்பேர் படித்துவிட்டு வந்திருந்தார். அருப்புக்கோட்டையில் ஒரு கடை போடவேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணன் சம்மதிக்கவேண்டுமே. மளிகைக்கடையில் ஆள் வேண்டும், தராசில் உட்காரட்டும் என்பது இவர் கணக்கு. அந்தச் சமயம் கொழுந்தனார் மதுரையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. மேலே கம்ப்யூட்டர் என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாகச் சொன்னார். டேங்க்குக்குள் ஒரு மிதப்பைப் போட்டு, வயரில் இந்தப் பெட்டியோடு சேர்த்துவிட்டால், எங்கள் பத்து லிட்டர் டேங்க்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் காட்டுமாம்.

"இது ஒழுங்கா வேலை செஞ்சா நீ கடை போடு. சொதப்புச்சுன்னா மறுநாள் காலைல தராசுல வந்து உக்காரணும்" என்றார் இவர். கொழுந்தனார் சரி என்றுவிட்டார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் 'காலி', 'தீர்ந்துபோச்சு', 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. உப்புப் பானை வழித்துத் துடைத்த மாதிரி இருந்தாலும் "உப்பு நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்லவேண்டும். கேட்டவர் மறுபேச்சுப் பேசாமல் உப்பு எடுத்துவருவார். கடையிலும் அப்படித்தான். சீனி கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்லமாட்டார், "நாளைக்கு வந்துரும்" என்பார். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கண்டிப்பு. கொழுந்தனார் மதுரைக்குப் போய் நாலைந்து வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர். அங்கே சோறு காலி என்று போர்டே மாட்டிவிடுவார்களாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பெட்டியைப் பூட்டினால் மட்டும் போதாதாம். எது நிறைந்த டேங்க், எது வெறும் டேங்க் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு அனா, ஆவன்னா மாதிரி. பெட்டியின் முதுகில் ரெண்டு திருகு. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒன்று, வெறுமையாக இருக்கும்போது மற்றொன்று. முதலில் நிறைக்க வேண்டும், அப்புறம் வடிக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. வெயிலில் சிவப்பு எழுத்து தெரியாததால் கொழுந்தனார் பெட்டியோடு உள்ளறையில் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். விளக்கு எரிகிற வீட்டுக்குள் பெட்ரோல் வரக்கூடாது என்று வண்டி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. நடுவில் ஜன்னல் வழியாக வயர். டேங்க்கைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

என் வீட்டுக்காரர் தாளில் போட்டதற்கெல்லாம் கட்டுப்படுகிறவர் இல்லை. நிறைத்துவிட்டு வடிப்பது ரெட்டை வேலை, வடித்துவிட்டு நிறைத்தால் பெட்ரோல் டேங்க்கிலேயே இருந்துகொள்ளும். நியாயம்தான். தம்பியிடம் சொல்லவேண்டும் என்றுதான் தோன்றவில்லை. டியூபைப் போட்டு கேனில் வடித்தார். டேங்க் கடைசிச் சொட்டு வரை வற்றியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மதினி, டேங்க் எப்படியிருக்கு?"

குனிந்து பார்த்தேன். தகரம் பளபளவென்று தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்ன சொல்வேன்?

"நெறஞ்சிருக்கு, தம்பி."

அவர் நிறைந்ததற்கான திருகைத் திருகினார்.

அப்புறம் இவர் கேனைச் சாய்த்து வாய் வரைக்கும் ஊற்றினார். மறுபடி உள்ளேயிருந்து கேள்வி. இந்தத் தடவை நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நெறஞ்சிருச்சு, தம்பி."

உள்ளே சிரிப்புச் சத்தம். மதுரைக்காரருக்கு அப்போதுதான் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்திருக்கிறது. "பெட்ரோலுக்குமா மதினி? சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வெறும் டேங்க்குக்கான திருகைத் திருகிவிட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் இவர் பக்கத்தில் நிற்கும்போது ஜன்னலைப் பார்த்துக் கத்தியிருக்க மாட்டேன்.

கொழுந்தனார் பெட்டியைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினார். கையைக் குவித்து உள்ளே பார்த்தோம். சைபர்.

"என்னடா சைபர் காமிக்குது?"

"டேங்க்கு எப்படி இருக்கோ அப்படித்தானண்ணே காமிக்கும்."

"அடேய், டேங்க்கு நெறஞ்சிருக்குடா."

"அதத்தான் நானும் சொல்றேன். நெறஞ்சிருக்கு. அதான் சைபர்."

"நெறஞ்சிருந்தா எதுக்குடா சைபர்?"

"பின்ன, நெறஞ்சிருந்தா பத்தா காமிக்கும்?"

ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். கடைசியில் கொழுந்தனார், "பாருங்கண்ணே, ஒரு சொட்டு வருதான்னு" என்று மூடியைத் திறந்து வண்டியைத் தன் பக்கமாகச் சாய்த்தார். புதுச் சட்டை. மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்தது.

திருப்பித் திருகிவிட்டால் போச்சு, ஒரு நிமிஷ வேலை என்றார். ஆனால் டேங்க்கை மறுபடி வடிக்க வேண்டும். அதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு வீட்டில் எதையும் வடிக்கக்கூடாது என்றார் இவர். காலையில் தராசுக்கு வந்துவிடு என்றும் சொன்னார். கொழுந்தனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே மேலத்தெருக்காரர் ஒருவர் வந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து இரவல் கேட்பதே அவருக்கு வேலை. "அண்ணாச்சி, ஒரு எட்டு காரியாபட்டி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன், வண்டியக் குடுங்க." இவரும் இல்லை என்று சொல்லக்கூடாத மனிதர். "எடுத்துக்கங்க" என்றார். அவர் ஹேண்டில்பாரில் குனிந்து பார்த்தார், முகம் சுருங்கியது. "சைபர்ல நிக்குதே அண்ணாச்சி. பரவால்ல, நான் பஸ்ஸுலயே போறேன்" என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தனார் திருப்புளியோடு வந்தபோது, "இனிமே இதத் தொடாத" என்றார்.

"அண்ணே, தப்பாக் காமிக்குதுண்ணே."

"அதெல்லாம் நம்ம வீட்டுப் பேச்சுதான் பேசுது. நீ கடைக்கு ரூம் பாரு."

சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதால் கடை கிடைத்தது. ஆனால் கொழுந்தனாருக்குச் சந்தோஷமில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இது யாரு மாட்டுனது?" என்று கேட்டார்கள். இவரும் பெருமையாக, "என் தம்பிதான். அருப்புக்கோட்டையில ரிப்பேர் கடை போடப்போறான்" என்று சொல்வார். கொழுந்தனார் அந்தப் பக்கமே வரமாட்டார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டது. பத்தைத் தொட்டால் பங்க்குக்குப் போவார். அதற்கப்புறம் அவர் வண்டியைத் தள்ளி நான் பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு ரூம் அமைந்தது. ரூமுக்குச் சொந்தக்காரர் காலையில் வரச்சொல்லியிருந்தார், இன்னொருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இவர் முதல் பஸ்ஸில் போய்விட்டார், பின்னாலேயே தம்பி வண்டியில் வருவதாக ஏற்பாடு. கொழுந்தனார் குளித்து, திருநீறு பூசி, சட்டையை ரெண்டு தடவை மாற்றினார். மீட்டரை ஒரு பார்வை பார்த்தார். பத்து. சிரித்தபடியே கிளம்பிப் போனார்.

மீதியை இவர் வந்து சொன்னார். பஸ் வழியில் எதற்கோ ரொம்ப நேரம் நின்றதில் தம்பி வண்டி முந்திப் போயிருக்கிறது. பஸ் மறுபடி கிளம்பிப் போகும்போது, பருத்திக்காட்டு ஓரமாக ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்ததாம். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம், தம்பிதான். பஸ்ஸை நிறுத்தியிருந்தால் ரூம் போயிருக்கும். அதனால் நிறுத்தவில்லை. ரூம்காரரிடம் போய், "தம்பி வண்டியில வந்துக்கிட்டிருக்கான்" என்று மட்டும் சொல்லிச் சாவியை வாங்கிவிட்டார். கொழுந்தனார் வெயில் ஏறி வந்து சேர்ந்தபோது ஒன்றும் திட்டவில்லையாம்.

"மீட்டரு என்ன காமிச்சுச்சு?"

"பத்துண்ணே."

"சரியாத்தான் காமிச்சிருக்கு" என்று சாவியைக் கையில் கொடுத்தாராம்.

சாயங்காலம் கொழுந்தனார் வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். "நானே திருகுன திருகு மதினி. சந்தோஷத்துல, நெறஞ்சிருக்குன்னு நம்பிட்டேன்" என்றார்.

"நானும் அன்னைக்கு நெறஞ்சிருக்குன்னுதான் சொன்னேன், தம்பி" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

கடை நன்றாகவே நடந்தது. வண்டியைப் பிற்பாடு பாலவனத்தத்துக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். மீட்டர் விஷயத்தை அவரிடம் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

சிவப்பு எழுத்து என்று எழுதியிருக்கிறேன், பச்சையாகவும் இருந்திருக்கலாம். திருகு ரெண்டுதானா, டேங்க் பத்து லிட்டர்தானா, எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது என் கொழுந்தனாரிடம் காட்டி, தப்பிருந்தால் திருத்திக் கொடுங்கள். அவர் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். மதினி எழுதியது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.