கறுக்க மறுத்த அப்பிள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பென்டில் ஹில்லில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு தவணை முடியப்போகிறது. வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டிலென்றால் வாய் மூடாது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஏன், நித்திரையில்கூடக் கதைப்பாள். வகுப்புக்குள் காலை வைத்ததும் பிடித்து வைத்த பிள்ளையார். "இன்றைக்கும் ஒரு சொல்கூட இல்லை" என்று ரீச்சர் மெல்லச் சொல்லும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டிவிட்டு வருவேன்.

இலையுதிர்காலம் வந்ததும் வகுப்பில் அப்பிள் வாரம். உதவிக்குப் பெற்றோரும் வரலாம் என்றார்கள். என் கணவருக்கு அன்று லீவு. "நானும் வாறன்" என்று வெளிக்கிட்டார். வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

முதலில் பாதி அப்பிளைப் பெயின்ரில் தோய்த்துக் கடதாசியில் அச்சுக் குத்தினார்கள். கணவர் தன் சேட்டிலும் ஒன்று குத்திக்கொண்டார். பிறகு விஞ்ஞானம். ரீச்சர் ஒரு அப்பிளை நாலு துண்டாக வெட்டினார். ஒன்று எலுமிச்சம்புளியில், ஒன்று புளித்து மூக்கைத் துளைக்கும் வினாகிரியில், ஒன்று உப்புத் தண்ணீரில். நாலாவது வெறும் தட்டில். இடைவேளை முடிந்து வந்து எது கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பை ரீச்சர் என் மகளுக்குக் கொடுத்தார். "ஒரு சொல் போதும்" என்றார்.

பிள்ளைகள் வெளியே விளையாட, நானும் ரீச்சரும் பெயின்ற் தட்டுகளைக் கழுவப் போனோம். வகுப்பில் கணவர் மட்டும் நின்றார். எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் நாலு துண்டும் பால் வெள்ளை.

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பேய்!" என்றான் ஒரு பொடியன். நான் கணவரைப் பார்த்தேன். விரல் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. முகத்தில் புண்ணியம் செய்த களை.

"என்னப்பா செய்தனீங்கள்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"அந்தத் துண்டைச் சும்மா வச்சிட்டுப் போட்டினம். கறுத்துப்போகுமெல்லே? உப்புத் தண்ணிக்குள்ளை தோய்ச்சு வச்சனான்."

எங்கள் குசினியில் வெட்டின அப்பிள் உப்புத் தண்ணீர் காணாமல் தட்டுக்கு வராது. அந்தப் பழக்கத்தை மனிசன் இங்கேயும் காட்டிவிட்டார். ஐயோ, இதைக் காட்ட வேறு நாள் கிடைக்கவில்லையா! பிள்ளைக்கென்று வைத்த ஒரேயொரு சொல்லையும் தகப்பனே விழுங்கிவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்தது.

மகள் அந்த நாலாவது துண்டை எடுத்தாள். நக்கினாள். கண் விரிந்தது.

"இட்ஸ் சோல்ட்டி! மை அப்பா டிட் இட்!"

ரீச்சர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "உன் அப்பா வேறென்ன செய்வார்?" என்று மெல்லக் கேட்டார். அவ்வளவுதான். அப்பா குறட்டை விடுவார், கார் ரிவர்ஸ் எடுக்கும்போது முருகா முருகா என்பார், பாத்ரூமில் பாட்டுப் பாடி வழுக்கி விழுந்தவர் என்று எல்லாம் ஆங்கிலத்தில், மூச்சு விடாமல் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நல்லா வேணும்!

நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்போது அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அம்மா கதவைப் பூட்டிப்போட்டு அழுவா," என்றாள் அதே ஆங்கிலத்தில், அதே உற்சாகத்தோடு. "நான் இங்கை கதைக்கிறேல்லை எண்டு."

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் வினாகிரித் துண்டை எடுத்து முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.