கதிரேசன் மொழிபெயர்த்த கடைசிப் பதில்

நாற்பது வருடம் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றே பழகிய கதிரேசனுக்கு, உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸிலிருந்து கிளம்பிய ரயிலிலும் அப்படித்தான். பக்கத்தில் மனைவி சரசு. வெயிலில் அடுக்குமாடிகள் நழுவ நழுவ, அவருக்குள் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திருடியவன், அடி வாங்கியவள், பொய் சொன்னவன். எல்லாரும் அவருடைய குரலிலேயே பேசினார்கள்.

அந்தக் குரல்களின் நடுவில் ஒரு நீதிபதியும் வந்தார், போன வருடம் ஓய்வுபெற்றவர். இடைவேளையில் காப்பி குடித்தபடி அவர் ஒரு கதை சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நீதிபதிகளுக்கு ஓய்வூதியமே கிடையாதாம். காது மந்தமாகி, கண் மங்கினாலும் நாற்காலியை விடமாட்டார்களாம். சட்டம் போட்டுப் பணம் கொடுத்த பிறகுதான் கிழவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்களாம். இங்கே புதிதாக வேலைக்குச் சேர்கிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓய்வூதியம் கிடைக்கும் கடைசிச் சிலரில் கதிரேசன் ஒருவர்.

அவர் ஒரு முடிவோடுதான் கிளம்பியிருந்தார். மாதாமாதம் முழுத் தொகை வாங்கினால், அவர் மூச்சு நிற்கும் நாளில் அதுவும் நின்றுவிடும். அப்பாவும் அண்ணனும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை, அவருக்கு அறுபத்துமூன்று. ஒரு பகுதியை இப்போதே மொத்தமாக வாங்கிச் சரசு பெயரில் போட்டுவிட வேண்டும். அவளிடம் கேட்டால் அழுது தீர்ப்பாள். அதனால், "சும்மா கூட வா, முடிஞ்சதும் ஃபேரர் பார்க்ல தோசை சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லி அழைத்துவந்திருந்தார்.

ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு சீன இளம்பெண் ஆங்கிலத்தில் கேட்டாள், எது வேண்டும் என்று.

கேள்வி காதில் விழுந்ததும் கதிரேசன் தன்னையறியாமல் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம். "ஆயுள் உள்ளவரை முழு ஓய்வூதியம் வேண்டுமா, அல்லது ஒரு பகுதியை இப்போதே மொத்தமாகப் பெற விரும்புகிறீர்களா?" என்று கணீரென்ற தமிழில் கேட்டும்விட்டார். கேட்ட பிறகுதான் திக்கென்றது.

சரசு அவரையே பார்த்தாள்.

"இதென்ன கேள்வி? மாசாமாசம் முழுசா வரட்டும்லா. எனக்கு முன்னாடி நீங்க போக மாட்டீங்க. நான் போக விடமாட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். மாற்றிச் சொன்னால் இங்கே கண்டுபிடிக்க யாருமில்லை. எத்தனையோ பேர் கூண்டில் கதறியபோது கல்லாக நின்ற மனிதர் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டார். ஒருமுறை செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. எந்த இடமென்று சரசுதான் விரல் வைத்துக் காட்டினாள்.