சிங்களத்தில் சொன்ன முழங்கால் வைத்தியம்

எழுபதுகளின் கடைசியில் நான் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். காலையில் நான் ஆட்களுக்கு அன்றைய வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களம்தான் மாலையில் எங்கள் வாலிபால் மைதானம். மண் சிமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் வெறுங்காலோடு எம்பிப் பந்தை அடிப்பவன் ஒருவன் இருந்தான். என் வயதுதான், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. கால் கழுவிவிட்டு அவன் நடந்தால் தரையில் முழுப் பாதமும் பதியும், நடுவில் வளைவே இருக்காது. வாத்து என்று கேலி செய்வோம். “வாத்துதாங்க ஒங்களுக்குக் கப்பு வாங்கித் தருது” என்பான்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சிங்கள டாக்டர் அவனை ஒற்றைக் காலில் நிறுத்தி முட்டியை மடக்கச் செய்தார். பாதம் உள்பக்கம் சரிந்தது. முட்டியும் கூடவே சாய்ந்தது. குதித்து இறங்கும்போதெல்லாம் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் அதிகச் சுமை வாங்குகிறது, வலி போகும்வரை குதிக்கவே கூடாது, பிறகும் சப்பாத்துக்குள் மெத்தை வைத்துத்தான் ஆட வேண்டும் என்று சிங்களத்தில் என்னிடம் விளக்கி, அவனுக்குச் சொல்லச் சொன்னார்.

வரும் ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு கப்புக்கான கடைசி ஆட்டம். ஜெயிப்போம் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் நான் பெருமையடித்திருந்தேன்.

“ஒண்ணுமில்லையாம்ப்பா. எண்ணெய் தேச்சுக் கட்டினா போதுமாம்” என்றேன் அவனிடம்.

அவன் என் முகத்தைச் சற்றுப் பார்த்தான். “சரிங்கய்யா” என்றான்.

ஜெயித்தோம். கடைசிப் பந்தை அடித்துவிட்டு விழுந்தவனை நாலு பேர் தூக்கிப்போனார்கள். அதன்பின் அவன் மலை ஏறுவான், இறங்கத்தான் முடியாது. வேலை முடிந்து எல்லோரும் லயத்து வீடுகளுக்குப் போன பிறகு, சரிவில் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து வருவான்.

பல வருடம் கழித்து, நான் வேறு தோட்டத்துக்கு மாறிய பின், மஸ்கெலியாவில் ஹட்டன் போகும் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் உண்மையில் சொன்னதைச் சொன்னேன்.

“எங்கம்மா ஊரு கினிகத்தேனைங்க. அங்க சிங்கள ஆளுங்களோடதான் வளந்தேன். டாக்டர் சொன்னது அப்பவே வெளங்குச்சு.”

“அப்புறம் ஏம்ப்பா ஆடின?”

“ஆசைதாங்க. அதோட, பெரட்டுல பேரு போடுறது நீங்க. ஐயா ஒண்ணு சொல்றப்ப நான் வேற சொல்ல முடியுமா?”

அவன் குரலில் கோபம் இல்லை. ஹட்டனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்புறமாக இறங்கினான். கண்டக்டர் அவசரப்படுத்தினார். முன்னாலேயே இறங்கிவிட்ட நான் கீழே நின்று கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டான்; நல்ல கனம்.