வெர்னெலின் ஐந்து நாள் பை

வெர்னெல் லெஜ்யூன் கடையில் எடுப்பது எப்போதும் சின்னப் பால் பாக்கெட்தான். "அஞ்சு நாளைக்கு மேல வீட்ல பால் எதுக்குடி? அப்ப நான் வீட்ல இருப்பேனோ, நடுக்கடல்ல இருப்பேனோ, யாரு கண்டா?" என்பாள் கடைக்காரியிடம்.

போமான்ட் ஆற்றுத்துறையில் கட்டிக்கிடக்கும் 'கேப் லோரல்' கப்பலில் தளத்து ஆட்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. டாங்கிகளையும் ராணுவ லாரிகளையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகும் கப்பல். ராணுவத்திடமிருந்து உத்தரவு வந்தால் ஐந்தாம் நாள் கிளம்பியாக வேண்டும். வராத நாளெல்லாம் பத்துப் பேர் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். கடைசி உத்தரவு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வெர்னெலின் பயணப் பை மட்டும் அன்றிலிருந்து வாசலருகே கட்டியபடி நிற்கிறது. உள்ளே இருக்கும் கால்சட்டை இப்போது அவள் தொடையைத் தாண்டாது.

கப்பலின் கதையை ஏட்டில் தேடவே வேண்டாம். தழும்புகளைத் தொட்டுத் தொட்டு அவளே சொல்வாள். "இது சோமாலியாவுல கிரேன் இடிச்சது. இது இராக் போறப்போ சங்கிலி அறுந்து லாரி உரசினது. புயலப்போ நியூ ஆர்லியன்ஸ்ல முந்நூறு பேர் இங்கதான் படுத்தாங்க. பாரு, எவனோ பொண்டாட்டி பேரக் கிறுக்கி வச்சிருக்கான்!"

போன வியாழக்கிழமை சோதனை. கப்பலை வைத்துக்கொள்வதா, உடைக்க அனுப்புவதா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வந்தார். அவர் வருகிறார் என்றதும் இந்தப் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? பெயின்ட் அடித்தார்கள். விழுந்து விழுந்து அடித்தார்கள். வண்டிகள் ஏறும் பின்பக்கச் சாய்தளத்தின் கீல்களில் கிரீஸ் வைக்கும் துளைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. எஞ்சின் என்னவோ ஜோராகக் கிளம்பியது. சாய்தளம்தான் அதிகாரியின் கண்ணெதிரே பாதியில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

எஞ்சின்காரர் ஆல்சிட் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு வெர்னெல். கெழவிய நாமளே இரும்புக் கடைக்கு அனுப்பிட்டோம்."

வெர்னெலுக்கு இந்தக் கப்பலோடு இருபத்தைந்து வருஷம். இது போனால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. வாய் மட்டும் அடங்கவில்லை. "சும்மா இருய்யா. இவளுக்கு எப்பவும் மூணாவது கீல்தான், அந்த முட்டிதான் மக்கர் பண்ணும். குவைத் சண்டைக்கு டாங்கி எறக்கினோமே, அன்னிக்கு வாங்கின அடி."

குனிந்து புதுப் பெயின்டின் மேல் விரலை ஓட்டினாள். பழைய பள்ளம் தட்டுப்பட்டது. பக்கத்துத் துளையைக் குத்தித் திறந்து, கிரீஸ் ஏற்றி, சுத்தியலால் மூன்று போடு போட்டாள்.

"எறங்குடி என் ராசாத்தி!"

முனகிக்கொண்டே இறங்கித் துறையில் படிந்தது சாய்தளம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினாலு நிமிஷம் லேட்டும்மா."

"பொண்ணு பாக்க வர்றீங்கன்னு பவுடர் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டோம் சார்."

அவர் சிரித்துவிட்டார். இன்னும் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வெர்னெல் கடைக்குப் போனாள். பால் அதே சின்னப் பாக்கெட்தான். கூடவே, மூன்று அளவு பெரிய கால்சட்டை ஒன்று. வீட்டுக்கு வந்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக் கட்டி, மறுபடியும் வாசலருகே நிறுத்தினாள்.