இரண்டாம் பக்கத்து வினையடை

போன வாரம் அப்புத்தளையில், டைப் அடித்துக் கொடுக்கும் கடையொன்றில் நின்றிருந்தேன். யாரோ ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் திடீரென்று சிரித்தார். 'ஐ வேர்க் ஹார்ட்லி' என்று எழுதியிருக்கிறாளாம்.

"பாருங்க சார், வேலையே செய்ய மாட்டாளாம்" என்று என்னையும் சிரிக்கக் கூப்பிட்டார்.

அந்த 'லி'யைப் பேனாவால் வெட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலைநாட்டில், லுணுகலையில் நான் ஆங்கில ஆசிரியன். சொந்த ஊர் யாழ்ப்பாணம் – யுத்தத்தால் பாதை பூட்டு, போக வழியில்லை. புடவைக் கடை ஒன்றின் பின்னால் வாடகை அறை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டால் அடுத்த நாள் காலை மணி அடிக்கும் வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். சனி, ஞாயிறு இன்னும் மோசம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் புஷ்பராணி வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். முப்பது வயதிருக்கும். கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். மூன்று வருடமாகக் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. பெரிய தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாளர் வேலை காலியாம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் தானே எழுதி, திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று காலைதான் அம்மாவுக்கு நான் போட்ட கடிதம் திரும்பி வந்திருந்தது. அம்மா இருக்கிறாரா, எங்கே இருக்கிறார்... ஒன்றும் தெரியாது. முதல் பக்கத்தில் நாலைந்து இடத்தில் சிவப்பு மையால் திருத்தினேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். வாசிக்கவில்லை. எல்லாம் சரி என்று சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே தாளோடு வாசலில் நின்றார். வேலை கிடைக்கவில்லை. நேர்முகத்தில் ஒருவர் விண்ணப்பத்தைச் சத்தமாக வாசித்தாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம்.

"நல்லா எழுதியிருக்கேன்னு நெனச்சு நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன் சார்" என்றார். "வெளிய வந்தப்புறந்தான் வெளங்குச்சு. எந்த வார்த்தைன்னு மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். எட்டு வருடமாகக் குழந்தைகளோடு 'ஹார்ட்லி' வேலை செய்கிறேன் என்றிருந்தது.

அவர் மேல் என்ன பிழை? 'ஸ்லோ'வுக்கு 'ஸ்லோலி', 'குவிக்'குக்கு 'குவிக்லி'. அப்படியானால் 'ஹார்ட்'டுக்கு 'ஹார்ட்லி' தானே? நியாயமான கணக்கு. ஆனால் ஆங்கிலம் இந்த இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். 'கடினமாக' என்று வினையடையாக வரும்போதும் 'ஹார்ட்' அப்படியே 'ஹார்ட்' தான். 'லி' சேர்ந்தால் 'இல்லையென்றே சொல்லலாம்' என்று பொருள் மாறிவிடும். எட்டு வருடம் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்த பெண், வேலை செய்ததே இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

விளக்கிச் சொன்னேன். பிறகு, அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும் சார். மொத பக்கத்துல சிவப்பு இருந்துச்சு, ரெண்டாவதுல ஒரு புள்ளி இல்ல. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் திரும்ப வந்தனீங்கள்?"

"வேற யாருகிட்ட சார் போறது?"

அடுத்த சனியிலிருந்து வரச் சொன்னேன்.

வந்தார். மழையென்றாலும் வந்தார். புடவைக் கடையின் முன் மேசையில், கடைக்கார அம்மா பார்த்திருக்க, இரண்டு மணி நேரம் பாடம். எப்படி, எங்கே, எப்போது, எவ்வளவு... ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வினையடை. 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மையில் என்றதும், ஒரு வாரம் பூராவும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு குழந்தைகளைத் தூங்க வைத்ததாகச் சொன்னார். அம்மா உயிரோடு வன்னியில், உறவுக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று தகவல் வந்தபோது நான் அதை முதலில் சொன்னது அவரிடம்தான். சொல்வதற்கு வேறு ஆளும் இருக்கவில்லை. அன்றைக்குப் பாடம் வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அம்மாவுக்கு நான் கடிதம் எழுத வேண்டுமாம்.

அடுத்த வருடம் வேறொரு தோட்டத்தில் அவருக்கு அதே பொறுப்பாளர் வேலை கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை – இந்த முறை எல்லாப் பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் சொன்னேன். சந்தோஷம்தான். ஆனாலும் அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, மத்தியானம் வரை கட்டிலை விட்டு எழும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம், முழுக்க ஆங்கிலத்தில். வேலை பிடித்திருக்கிறதாம். தங்குவதற்குத் தனி வீடு கொடுத்திருக்கிறார்களாம். லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினாலும் கேட்கும், இங்கே ஒன்றுமே கேட்பதில்லையாம். கடைசியில் தமிழில் ஒரு சந்தேகம்: "சார், அலோன்ங்கிறது பெயரடையா, வினையடையா?"

இரண்டும்தான். 'தனியாள்' என்று ஆளைச் சொன்னால் பெயரடை. 'தனியாக வாழ்கிறேன்' என்று வாழ்வதைச் சொன்னால் வினையடை.

இந்த விளக்கத்தை எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இரண்டுக்கும் ஒவ்வோர் உதாரண வாக்கியம் எழுதத்தான் இரண்டு நாள் ஆனது – கற்பனையாக ஒன்றும் கைக்கு வரவில்லை, வந்ததெல்லாம் அவரும் நானும்தான்.