நான் சுட மறுத்த தோநாலி

தில்லியில் காஷ்மீரி கேட் பக்கம் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்த துப்பாக்கி வெளியே போகும் முன், பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிறவரே முதல் இரண்டு தோட்டாக்களையும் தன் தோளில் வைத்துச் சுட வேண்டும். கையெழுத்துக்கு அதுதான் ஜாமீன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். மெக்கானிக்கல் டிப்ளமாவோடு நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி, பெரிய சலுகை தருபவர்போல, "மேடம், நீங்க சைன் மட்டும் போடுங்க. சுடறதை மிஸ்திரி பார்த்துப்பார்" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொருவர் தோளை நம்பிப் போடுவது என்ன கையெழுத்து? இரண்டாவது வாரமே கடையின் பின்கட்டில், மணல்மூட்டைச் சுவருக்கு எதிரே நின்று சுட்டேன். பழுது பார்க்கும் மிஸ்திரி அறுபதைத் தொடும் பஞ்சாபி. "அரே பேட்டி, கண்ணைத் திறந்து சுடு" என்று மகளுக்குச் சொல்வதுபோல ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏட்டி, தோள்ல என்ன இப்படிக் கன்னிப்போய் கெடக்கு? பஸ்ல எவனும் இடிச்சானா?"

"துப்பாக்கிம்மா."

"பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட நான் இத என்னன்னு சொல்ல?"

"தோள் வலுவா இருக்குன்னு சொல்லுங்க."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அச்சா, விடுட்டி அவள. ஆபீஸ்ல ஃபைல் தூக்கி எனக்கும்தான் தோள் வலிக்கி" என்றார்.

அதன் பிறகு கடையை விட்டுப் போன ஒவ்வொரு துப்பாக்கியிலும் என் கையெழுத்தும் என் தோளும் இருந்தன. கேலி செய்தவர்கள் ஒரு மாதத்தில் ஓய்ந்தார்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சுடும் உரிமையைப் பிடிவாதமாக வாங்கியவள் நான். அதே நான் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சுட மாட்டேன் என்று சொல்ல வேண்டிவந்தது.

இமயமலை அடிவாரத்தில் தராய்ப் பக்கம் பெரிய பண்ணை வைத்திருந்த, எல்லோரும் டாக்குர் சாப் என்று அழைத்த ஒரு நிலக்கிழார் தன் அப்பாவின் துப்பாக்கியோடு வந்தார். அமெரிக்காவில் செய்த பழைய இரட்டைக்குழல்; தில்லியில் தோநாலி என்பார்கள். பக்கத் தகட்டில் பறவையைக் கவ்விய நாய் ஒன்று செதுக்கியிருந்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அவருக்கு இரட்டைக்குழல் ரைஃபிள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்க வழியில்லை. ஆகவே இந்தத் தோநாலியையே ரைஃபிளாக மாற்றிக் கொடுங்கள் என்றார். ரைஃபிளுக்கான லைசென்ஸும் மாற்றுவதற்கான அனுமதிக் கடிதமும் அவரிடம் இருந்தன. நானே படித்துப் பார்த்தேன்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தோநாலி சிறு ரவைகளைச் சிதற அடிக்கிறது. ரைஃபிள் ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. பழைய குழல்களுக்குள் புதிய ரைஃபிள் குழல்களைப் பொருத்தி, இரண்டும் ஒரே புள்ளியைத் தொடும்படி நுனியில் நூலிழை நூலிழையாகச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம்; இதற்கு நாற்பத்தொரு வரி வந்தது. நாற்பது வரிகள் குழல்களைப் பற்றியவை. ஒரே ஒரு வரி, குழல்கள் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்பு உடம்பைப் பற்றியது: ரைஃபிள் தோட்டாவின் அழுத்தம் ரவைத் தோட்டாவைவிடப் பல மடங்கு, இந்த உடம்பு தாங்குமா?

"அமெரிக்க இரும்பு மேடம், யானையைத் தாங்கும்" என்றார் முதலாளி.

"யானை வெடிக்காது சார்" என்றேன்.

சிரித்தார். அந்த வரிக்கு எதிரே டிக் போடாமல் விட்டேன். வேலை ஆரம்பித்துவிட்டது.

மிஸ்திரியின் கை அபாரமானது. மூன்று மாதத்தில், ஒரு தோட்டாவும் சுடாமல் கண்ணளவிலேயே, இரண்டு குழல்களும் ஒரே புள்ளியைக் காட்டின. கடைசியாகப் பூட்டின் இறுக்கம். அதை அவர் சோதிக்கும் முறை எளியது. மண்ணெண்ணெய் விளக்குக் கரியைக் குழலின் பின்விளிம்பில் பூசி, குழலை மூடித் திறப்பார். எதிரே இரும்பு உடம்பின் முகப்பு முழுவதும் கரி ஒட்டியிருந்தால் இடைவெளி இல்லை என்று அர்த்தம். கரி முழுதாக ஒட்டியிருந்தது. இடைவெளி அளக்கும் என் மிக மெல்லிய ஃபீலர் தகடும் உள்ளே நுழையவில்லை.

ஆனால் குழலுக்கு அடியில் அதை உடம்போடு பூட்டும் கொக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோது, புதிய கறுப்புப் பூச்சுக்கு அடியில் சிறு சிறு பள்ளங்கள் தெரிந்தன. சுத்தியல் அடி. தேய்ந்த கொக்கியை அடித்துப் பிதுக்கி இறுக்கியிருந்தார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆடுகிற தோநாலிகளை எல்லாம் அவர் முப்பது வருடமாக இப்படித்தான் இறுக்கிவந்தார். ரவைக்கு அது வருடக்கணக்கில் நின்றது. கை பழகிய வேலையை, இது இனிமேல் தோநாலி இல்லை என்று யோசிக்காமல், கை செய்துவிட்டது.

அன்று டாக்குர் சாப் தன் மைத்துனரோடு வந்து உட்கார்ந்திருந்தார். லட்டுப் பெட்டி திறந்திருந்தது. முதலாளி தாளை என்னிடம் நீட்டினார்.

"நான் இதைச் சுட மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்" என்றேன்.

"இந்த லட்கிக்கு பயமா?" என்றார் மைத்துனர். "சுடறவங்கன்னு பெருசா சொன்னீங்களே!"

"ஆமாம், பயம்தான்" என்றேன். "கொக்கி அடித்து இறுக்கியது. ரைஃபிள் தோட்டாவுக்கு நிற்காது. பூட்டு திறந்தால் சுடுகிறவர் முகத்தில்தான் திறக்கும். டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி இழுத்துச் சுடுங்கள். அப்புறம் அளக்கிறேன்."

மிஸ்திரி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "என் வேலையைக் கயித்துல கட்டணுமா? நான் என் தோள்ல வெச்சுச் சுடறேன். கொண்டா."

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை என் கவலை ஒரு கையெழுத்து; இப்போது அது அந்த மனிதரின் முகம். தோநாலி மூன்று துண்டாகக் கழலும்: குழல், பின்கட்டை, குழலுக்கு அடியில் கையால் பிடிக்கிற சின்ன முன்கட்டை. மேஜையில் முன்கட்டை தனியாக இருந்தது; அது இல்லாமல் பிடித்துச் சுட முடியாது. எடுத்து என் டிபன் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், இது என்ன சின்னப் பச்சா மாதிரி? குடுங்க" என்றார் முதலாளி.

"கயிறு கட்டினதும் தருகிறேன்."

"பேட்டி, என்னை பேயிஜ்ஜத் பண்றே" என்றார் மிஸ்திரி. அவமானம் அவர் குரலில் நடுங்கியது.

"மிஸ்திரிஜி, நான் சொன்னது தப்பாகிவிட்டால் அடுத்த இரண்டையும் என் தோளில் வைத்துச் சுடுகிறேன். நீங்கள் நின்று பாருங்கள்."

டாக்குர் சாப்தான் லட்டைக் கீழே வைத்து, "கட்டுங்கய்யா, தமாஷாத்தான் இருக்கும்" என்றார்.

கடையின் பின்கட்டில் லாரி டயரில் துப்பாக்கியைக் கட்டினார்கள்; முன்கட்டையை எடுத்துக் கொடுத்தேன். சுவருக்குப் பின்னாலிருந்து மிஸ்திரியே கயிற்றை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் ஆகவில்லை. மைத்துனர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆறாவதுக்குப் பிறகு சுடுவதை நிறுத்தச் சொன்னேன். மிஸ்திரியே கரி பூசி மூடித் திறந்தார். மேல் பாதியில் கரியே ஒட்டவில்லை. ஃபீலர் தகட்டை அவர் கையில் கொடுத்தேன். அது தடையில்லாமல் உள்ளே போனது. அடுத்த தடிமனும் போனது. அவர் இரண்டு தகடுகளையும் துடைத்து என்னிடம் கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மறுபடி இறுக்கிக் குடுங்க" என்றார் டாக்குர் சாப்.

"இந்த உடம்புக்கு இந்தத் தோட்டா ஆகாது சாப். எத்தனை தடவை இறுக்கினாலும் இப்படித்தான்."

"என் அப்பா துப்பாக்கியைக் கெடுத்துட்டு இப்ப ஆகாதுங்கறீங்களா?"

அவர் கேட்டது நியாயம். டிக் போடாத அந்த ஒரு வரியோடு மூன்று மாதம் பேசாமல் வரைபடம் வரைந்தவள் நான். "முதல் நாளே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாதது என் தப்பு" என்றேன். "அதற்காக இன்றைக்கும் தப்புச் செய்ய முடியாது."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். துப்பாக்கி கடையிலேயே கிடந்தது. பரிசோதனைத் தாள் இல்லாமல் அதை வெளியே கொடுக்க முடியாது. முதலாளிக்கும் அது தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் தாள் வேறு யார் கையெழுத்திலாவது ஒரு வாரத்தில் தயாராகிவிடும் என்று தோன்றியது. அந்தக் கடையில் தேறிய துப்பாக்கிக்குத்தான் தாள். தேறாததற்கு யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. நான் எழுதினேன். உபயோகத்துக்குத் தகுதியற்றது, காரணம், அளவு, ஆறு தோட்டா என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி வாங்கிப் படித்தார், கிழித்தார். இன்னொரு தாள் எடுத்து அதையே எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதைப் பாதிதான் கிழித்தார். கை அலுத்துவிட்டது போலும். நான்காவதை நான் எழுதி முடித்ததும் மிஸ்திரி வந்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, என் கையெழுத்துக்குக் கீழே உருதுவில் தன் பெயரை எழுதினார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

முதலாளி அந்தத் தாளைக் கையில் எடுத்தார். கிழிக்கவில்லை. "நாளையிலிருந்து நீங்க வர வேணாம்" என்றார்.

"எழுதிக் கொடுங்கள் சார். காரணத்தோடு."

பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

மறுநாள் பஸ் கிடைக்காமல் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். தாமதத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் மேஜையில் உட்கார்ந்தேன்.